பச்சை என்றால் மஞ்சள்

(செகந்திராபாத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் பேராசிரியர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ராணிகஞ்சில் பெயிண்ட் கடை வைத்திருந்தவன். நிறத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் அது ஒன்றுதான். அதனால் கடையில் பார்த்ததைச் சொல்லுகிறேன், நடுநடுவே படித்ததையும் சொல்லுகிறேன்.

ஊரிலிருந்து இங்கே வந்த புதிதில் மோண்டா மார்க்கெட்டுக்குச் சோளம் வாங்கப் போனேன். ரொட்டிக்குப் ‘பச்ச ஜொன்னலு’தான் ருசி, அப்படியே கேட்டு வாங்கு என்று அறையில் கூட இருந்தவர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் அவிநாசிப் பக்கத்துக்காரன். பச்சைச் சோளம் என்றதும் பால் பிடித்த கதிர், உதிர்த்தால் பச்சை மணி, அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் படியில் அள்ளிக் காட்டியது மஞ்சள் மஞ்சளாய்க் காய்ந்த தானியம். இது வேண்டாம், பச்சை கொடுங்கள் என்றேன். “இவே பச்ச ஜொன்னலு, சார்” என்றார். நான் மறுபடியும் பச்சை என்றேன், அவர் மறுபடியும் அதே படியை நீட்டினார். அவருக்கு நான் கிறுக்கன், எனக்கு அவர் ஏமாற்றுக்காரர். கடைசியில் பக்கத்திலிருந்த எலுமிச்சம்பழக் கூடையைக் காட்டி “அது கூட பச்சனே” என்றார். அன்றைக்குத்தான் தெரிந்தது, தெலுங்கில் பச்ச என்றால் மஞ்சளும் உண்டு, பச்சையும் உண்டு என்று. பிரித்துச் சொல்ல வேண்டுமானால் இலைப் பச்சைக்கு ஆக்குப்பச்ச, மஞ்சளுக்குப் பசுப்புப்பச்ச. நமக்கு மஞ்சள் காமாலை, அவர்களுக்குப் பச்ச காமெர்லு. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நாம் சொல்லும் பழமொழி அங்கேயும் இருக்கிறது. நிறம்தான் பச்ச ஆகிவிடும்.

பெயரே இப்படி மாறுகிறபோது, பிடிப்பதும் பிடிக்காததும் நிறத்தில் இருக்கிறதா, அந்த நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிற பொருளில் இருக்கிறதா? இதுதான் இன்றைய பேச்சு. என் பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் பொருளில்தான்.

கடையில் யாரும் நிறத்தை நிறமாகக் கேட்டதில்லை. நம் ஆட்கள் வந்தால் வெந்தயக் கலர், கத்தரிப்பூக் கலர், கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு. தெலுங்கர்கள் வந்தால் வங்காயி ரங்கு, சிலக்கபச்ச. அதே கத்தரிக்காய், அதே கிளி. பழைய நகரத்திலிருந்து வருகிறவர்கள் பியாஜி என்பார்கள், வெங்காயத்தோல் இளஞ்சிவப்பு. கத்தயீ என்பார்கள், வெற்றிலைக் காசுக்கட்டிப் பழுப்பு. ஆஸ்மானி என்பார்கள், வானம். கம்பெனிக்காரன் ஷேடு கார்டில் நம்பர் போட்டு, வாயில் நுழையாத பெயரும் வைத்திருப்பான். அதை ஒருவரும் சீண்டுவதில்லை. “எங்க சின்ன மாமனார் வீட்டு ஹால்ல அடிச்சாங்களே, அது” என்று கேட்பவர்கள்தான் பாதிப் பேர். புடவைக் கடையிலும் இதே கதைதான். காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்து கொடுத்த நீலம் ‘எம்.எஸ். ப்ளூ’ ஆகிவிட்டது. அந்தப் புடவை வாங்கினவர்களில் எத்தனை பேர் நீலத்தை வாங்கினார்கள், எத்தனை பேர் அந்தக் குரலை வாங்கினார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறார், வீட்டில் ஒன்று இருக்கிறது போல.

ஒரு சம்பவம் சொல்லுகிறேன். மல்காஜ்கிரியிலிருந்து ஒரு தெலுங்குக் குடும்பம், புது வீடு, ஹாலுக்கு நிறம் தேர்ந்தெடுக்க வந்தார்கள். மருமகள் ஷேடு கார்டை ஒரு மணி நேரம் புரட்டி ஓர் அடர் மஞ்சளில் விரலை வைத்தார். கொஞ்சம் பழுப்பு கலந்த மஞ்சள். மகனுக்கும் பிடித்தது. பையன் டின்டிங் மிஷினில் பேஸ் டப்பாவைக்கூட ஏற்றிவிட்டான். அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்த மாமியார் எட்டிப் பார்த்தார். ஒரே வாக்கியம்: “இதென்னடி, கைக்குழந்தை துணியில போன மாதிரி இருக்கு.” அவ்வளவுதான். மருமகள் கார்டை மூடிவிட்டார். மகன் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இருபது லிட்டர் வியாபாரம் கண் முன்னால் போகிறது. அப்போது மாமனார், அதுவரை வாயே திறக்காத மனுஷன், கார்டை வாங்கித் திறந்து பார்த்து, “ஆவப்பிண்டி கலர்தானே இது” என்றார். ஆவப்பிண்டி என்றால் கடுகுப்பொடி, ஆவக்காய் போடுகிறபோது ஜாடியில் கொட்டுவது. மாமியார் மறுபடி எட்டிப் பார்த்தார். “ஆமா, அப்படித்தான் இருக்கு” என்றார். இருபது லிட்டரும் விற்றது. நிறத்தில் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை.

இதை நான் சிரித்துக்கொண்டே சொல்லி வந்த காலத்தில், 2010இல், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாமர், கேரன் ஷ்லாஸ் என்ற இரண்டு பேர் கிட்டத்தட்ட இதையே ஆராய்ச்சியாகச் செய்து வெளியிட்டார்கள். 32 நிறங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டத்திடம் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டார்கள். இன்னொரு கூட்டத்திடம் இந்த நிறத்தைப் பார்த்தால் என்னென்ன பொருள் நினைவுக்கு வருகிறது என்று எழுதச் சொன்னார்கள். மூன்றாவது கூட்டத்திடம் நிறத்தை மறைத்துவிட்டு அந்தப் பொருள்களை மட்டும் சொல்லி, இவை எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். பொருளுக்குக் கிடைத்த மதிப்பெண்ணை வைத்தே, நிறங்களின் விருப்பு வெறுப்பு வித்தியாசத்தில் 80 சதவீதத்தைக் கணக்கிட முடிந்தது. நீலம் மேலே நின்றது: தெளிந்த வானம், சுத்தத் தண்ணீர். அடியில் விழுந்தது எது என்று நினைக்கிறீர்கள்? அடர் மஞ்சள். மல்காஜ்கிரி மாமியார் சொன்னதைத்தான் அவர்களும் எழுதியிருந்தார்கள், கொஞ்சம் மரியாதையான வார்த்தையில். பெர்க்லியில் ஆவக்காய் போடுகிற மாமனார் இல்லாமல் போனது அந்த மஞ்சளின் துரதிர்ஷ்டம்.

ஆஸ்திரேலிய அரசு 2012இல் சிகரெட் பெட்டிகளை எல்லாம் ஒரே நிறமாக்கியபோது, ஆளைத் துரத்துகிற நிறம் எது என்று தேடிப் பிடித்ததும் இந்தப் பக்கத்து நிறத்தைத்தான், பச்சையோடிய கரும்பழுப்பு. அதை ஆலிவ் பச்சை என்று சொல்லப்போக, ஆலிவ் விவசாயிகள் சங்கம் எங்கள் காயின் பெயரைக் கெடுக்காதீர்கள் என்று சண்டைக்கு வந்தது. நியாயம்தானே?

இங்கே வியாபார ரகசியம் ஒன்று. மஞ்சள் வேண்டாம் என்று ஜனங்கள் ஒதுங்குவதற்குப் பாதி காரணம் மனசு இல்லை, மஞ்சளேதான். முன்பு பளீர் மஞ்சள் என்றால் ஈயம் கலந்த நிறமி, ஒரு கோட்டிலேயே சுவரை மூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2016இல் வந்து அடுத்த வருஷம் நவம்பரில் அமலானது. நல்ல விதி, குழந்தைகளுக்காக வந்தது. ஆனால் ஈயமில்லாத பளீர் மஞ்சள் விலையும் கூட, மூடுவதும் குறைவு. மூன்று கோட், சில சுவருக்கு நாலு கோட். மேஸ்திரி கூலிக் கணக்குச் சொன்னதுமே வீட்டுக்காரருக்கு மஞ்சள் மேல் இருந்த ஆசை போய்விடும். “கிரீமே போடுங்க சார்.” இந்த ஊரில் பாதி வீடு கிரீம் நிறத்தில் இருப்பது ரசனையால் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, ஊர் மஞ்சளுக்கு வருவோம். இது மஞ்சளின் ஊர். நிஜாம்களின் கொடி மஞ்சள், நடுவில் வெள்ளை வட்டம். அந்த வட்டம் ஒரு குல்ச்சா ரொட்டி என்பது ஊர்க் கதை. முதல் ஆசஃப் ஜா பசியோடு ஒரு சூஃபி பெரியவரிடம் போனார். அவர் மஞ்சள் துணியில் சுற்றிய குல்ச்சாக்களைக் கொடுத்தார். இவர் ஏழு தின்றார். ஏழு தலைமுறை ஆள்வாய் என்று பெரியவர் வாழ்த்தினார். 1724இல் தொடங்கியது 1948 செப்டம்பரில் முடிந்தபோது ஏழாவது நிஜாம்தான் இருந்தார் என்பதால் கதை நிலைத்துவிட்டது. சௌமஹல்லா அரண்மனைக்குப் போனால் மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று நிற்கும், ஆறாவது நிஜாமுக்காகச் செய்தது. வண்டி தயாராகி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அப்படிப்பட்ட அரச மஞ்சள், 1982 மார்ச் 29 அன்று இதே ஐதராபாத்தில் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியபோது தெருவுக்கு வந்தது. மஞ்சள் கொடியில் குடிசை, ஏர், சக்கரம். ஒன்பதே மாசத்தில், 1983 ஜனவரியில் ஆட்சி. நான் வந்தபோது ஊரெங்கும் சுவரில் மஞ்சள். கடையில் தேர்தல் சீசனுக்கென்று தனி ஸ்டாக் வைப்போம். அந்த வருஷங்களில் காங்கிரஸ்காரர் ஒருவர் பூஜை அறைக்கு மஞ்சள் கேட்டு வந்துவிட்டு, “மஞ்சளா தெரியணும், ஆனா அந்த மஞ்சளா தெரியக் கூடாது” என்றார். சந்தனக் கலர் கொடுத்து அனுப்பினேன். பெர்க்லிக்காரர்கள் இதற்கும் ஒரு பரிசோதனை வைத்திருக்கிறார்கள். அவர்கள் பல்கலைக்கழகத்து நிறம் நீலமும் தங்கமும், எதிராளி ஸ்டான்ஃபோர்டுக்குச் சிவப்பும் வெள்ளையும். மாணவர்களுக்குத் தங்கள் நிறம் கூடுதலாகப் பிடிக்கிறது, எதிராளி நிறம் குறைவாகப் பிடிக்கிறது, கல்லூரிப் பாசம் ஏற ஏற இது கூடுகிறது. கடைக்கு வந்த காங்கிரஸ்காரரைக் கேட்டிருந்தால் ஆராய்ச்சிச் செலவு மிச்சம்.

2001இல் தெலங்கானா ராஷ்டிர சமிதிக் கட்சி வந்தது, அதன் நிறமாகக் குலாபி வந்தது. ரோஜா இளஞ்சிவப்பு. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், 2007இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்து உலகப் பத்திரிகையெல்லாம் போட்டது. பெண்களுக்குச் சிவப்போடிய நிறங்கள் கூடுதலாகப் பிடிக்கின்றன. ஆதி காலத்தில் பெண்கள் பழம் பொறுக்கினார்கள், பழுத்ததைக் கண்டுபிடிக்கச் சிவப்பு உதவியிருக்கலாம் என்பது அவர்கள் யூகம். உடனே பத்திரிகைகள் ‘பிங்க் பெண்களின் நிறம் என்பது ரத்தத்திலேயே இருக்கிறது’ என்று எழுதின. அதே வருஷம் இங்கே என் கடை வாசலில், கொடுவாள் மீசை வைத்த ஆறடி ஆண்கள், பளீர் பிங்க் கண்டுவாத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தனி மாநிலம் கேட்டு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கூச்சம் இல்லை. எந்தப் பழம் பொறுக்கப் போனார்கள் என்று தெரியவில்லை.

நிறத்தின் பலத்தை அரசியல்வாதிகள் அளவுக்கு யாரும் நம்புவதில்லை. ஆந்திராவில் பஞ்சாயத்துக் கட்டிடங்களுக்கு ஆளுங்கட்சி நிறத்தை அடித்துவிட்டார்கள் என்று வழக்குப் போய், 2020 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அழிக்கச் சொன்னது, ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அடித்ததிலும் அழித்ததிலும் பெயிண்ட் வியாபாரிக்கு நஷ்டமில்லை.

கறுப்பைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். முஹர்ரம் பத்தாம் நாள் தபீர்புராவில் பீபி கா அலம் யானை மேல் புறப்படும்போது கறுப்புச் சட்டை துக்கம். கார்த்திகை பிறந்தால் இதே ஊரில் மாலை போட்டவர்களுக்குக் கறுப்பு விரதம். நம் ஊரில் 1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படை அமைத்தபோது அது இழிவுக்கு எதிரான கோபம். மூன்றையும் ஒரே மில்லில் ஓடிய ஒரே பீஸிலிருந்து வெட்டித் தைக்கலாம். ஆனால் கல்யாணத்துக்குக் கறுப்புப் புடவையில் வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தி ஏற இறங்கப் பார்க்கிற அத்தைகள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். தோல் விஷயத்தில் நாம் இன்னும் மோசம். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று பழமொழியும் வைத்துக்கொண்டு, வெளுத்த பெண்ணைச் ‘சிவப்பா இருப்பா’ என்று சொல்லிப் பெண் தேடுகிறோம். வெள்ளையைச் சிவப்பு என்கிற நாம், மஞ்சளைப் பச்சை என்கிற தெலுங்கரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சாப்பாட்டு நிறம். 1972இல் மகாராஷ்டிரத்தில் பெரிய வறட்சி. மராத்வாடா 1956 வரை நம் ஐதராபாத் மாநிலத்தில்தான் இருந்தது, அங்கிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் நிறையப் பேர். அப்படி வந்த பெரியவர் ஒருவர் என் கடையில் கணக்கு எழுதினார். அவருக்குச் செங்கல் சிவப்புப் பெயிண்டைப் பார்த்தாலே முகம் சுளிக்கும். வறட்சியில் நிவாரணமாக வந்த மைலோ என்ற அமெரிக்கச் சிவப்புச் சோளம்தான் காரணம். வெள்ளைச் சோள ரொட்டி தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு ரொட்டி பசியின் நிறம், க்யூவில் நின்ற நிறம். அம்பது வருஷம் ஆகியும் ‘மைலோ’ என்று சொல்லும்போது குரல் மாறும். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இதே கதை மஞ்சளுக்கு நடந்தது. அங்கே வெள்ளை மக்காச்சோளம்தான் சாப்பாடு. 1992 வறட்சியில் வந்த நிவாரணம் மஞ்சள். சத்து மஞ்சளில்தான் அதிகம், வைட்டமின் ஏ ஆகிற பொருள் அதில்தான் இருக்கிறது. ஆனாலும் மஞ்சள் என்றால் பிச்சை, மஞ்சள் என்றால் மாட்டுத் தீவனம். 2012இல் ஜாம்பியாவில் சத்தேற்றிய மக்காச்சோளத்தை வெளியிட்டபோது அது ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அந்தப் பழைய மஞ்சள் இல்லை இது என்று காட்ட அது உதவியது.

தங்க அரிசியும் உங்களுக்கு நினைவிருக்கும். 2000இல் விஞ்ஞானிகள் பீட்டா கரோட்டின் ஏற்றிய மஞ்சள் அரிசியை அறிவித்தார்கள். பிலிப்பைன்ஸ் 2021இல் பயிரிட அனுமதித்தது, 2024இல் அங்குள்ள நீதிமன்றமே அனுமதியை ரத்து செய்தது. சண்டை மரபணு மாற்றத்தைப் பற்றியது, நிறத்துக்கு அதில் சின்னப் பங்குதான். ஆனால் அந்த நாட்களில் என் மனைவி செய்தித்தாளில் படத்தைப் பார்த்துவிட்டு, “பழுத்துப்போன அரிசி மாதிரி இருக்கு, யார் வாங்குவா?” என்றாள். சொன்ன கையோடு அடுப்பில் புளிஹோராவுக்கு மஞ்சள்பொடி போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். யோசித்துப் பாருங்கள். மூட்டையில் மஞ்சளாக இருந்தால் அரிசி கெட்டுவிட்டது. இலையில் மஞ்சளாக இருந்தால் பண்டிகை. மணமக்கள் தலையில் விழுந்தால் அட்சதை.

இவ்வளவு சொன்னபிறகு எனக்கு எதிராகவும் ஒரு சாட்சி வைக்க வேண்டும். 2013இல் நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். மேலைநாட்டு வழக்கங்கள் அதிகம் எட்டாத மக்கள். உலகத்துக்கே நீலம் பிடிக்கும் என்ற பேச்சு அங்கே பொய்த்தது, ஆண் பெண் வித்தியாசமும் பொய்த்தது. பிரிட்டிஷ்காரருக்குப் பொருந்திய எந்தக் கணக்கும், பொருளை வைத்துப் போடும் கணக்கு உட்பட, அவர்களுக்கு அதே மாதிரி பொருந்தவில்லை. என் வீட்டிலேயே ஒரு ஹிம்பா இருந்தார்கள், என் அம்மா. கத்தரிப்பூக் கலர் புடவையை அம்மா வாழ்நாளில் ஒருமுறைகூடக் கட்டியதில்லை. முதல் சம்பளத்தில் நான் எடுத்துக் கொடுத்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், “பிடிக்காதுப்பா.” இந்த ஆராய்ச்சிகளை எல்லாம் படித்தபிறகு, நிச்சயம் ஏதோ துக்கம் இருக்கும் என்று சித்திகளை எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கத்தரிக்காயை மட்டும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. பதுகம்மா பூத்திருவிழா நெருங்குகிறது, அதைச் சொல்லி விட்டுவிடுகிறேன். பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கம் காப்புக் கட்டுவோம், ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை. ஆவாரம்பூ தரிசுக் காட்டில் சும்மா கிடக்கும், ஒடித்துக்கொண்டு வரவேண்டியதுதான். இந்த ஊரில் அதுதான் தங்கேடு, மாநிலப் பூ. முதல் வருஷம் மோண்டாவில் தலைச்சுமையாக வந்த ஆவாரம்பூவைக் காசு கொடுத்து வாங்கினேன் என்று எழுதியதற்கு அப்பா சிரித்துப் பதில் போட்டார். போன வருஷம் எதிர்வீட்டு அம்மா தாம்பாளத்தில் தங்கேட்டை அடுக்கடுக்காக வைத்துக்கொண்டிருந்தார், மேலே வைக்க குனுகுப்பூ. நம் பண்ணைக்கீரையின் பூதான், இயற்கையில் வெளுப்பு. கிண்ணங்களில் சாயம் கரைத்து முக்கி எடுப்பார்கள். என் பேத்திக்கும் ஒரு கொத்து கொடுத்து, எந்தக் கிண்ணம் வேண்டுமோ அதில் முக்கு என்றார். சிவப்பு இருந்தது, ஆக்குப்பச்ச இருந்தது, பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் நீலம்கூட இருந்தது. குட்டி நேராகப் போய் கத்தரிப்பூக் கலரில் முழங்கை வரைக்கும் முக்கிக்கொண்டு வந்தது. ஏன் கண்ணு இது, என்று கேட்டேன்.

“சும்மா” என்றாள்.